கிராஃபீன் துண்டு வாங்கலாமா? மதுரைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்களுக்கு உதவும். கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காகப் பின்னிய தாள். குவார்ட்ஸ் மேல் ஒட்டிய ஒற்றை அடுக்கு கிராஃபீன் துண்டை வாங்கலாம். சிலிக்கான் மேல் ஒட்டியதை, நல்ல மைக்ரோஸ்கோப் இருந்தால் வாங்கலாம். “மின்னழுத்தத்தால் ஒளி உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் சிப்” என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். எங்களைப் போன்ற கல்லூரிகள் அதன் பக்கம் போக வேண்டாம்.

நான் அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஒளியியல் ப்ராக்டிகல் என் பொறுப்பு. நியூட்டன் வளையம், ஸ்பெக்ட்ரோமீட்டர், கிரேட்டிங் என்று அதே சோதனைகளையே காலகாலமாகச் செய்துகொண்டிருக்கிறோம். கிராஃபீன் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்தது, 2010-ல் நோபல் பரிசு, ஒரே ஓர் அணு கனம், 0.335 நானோமீட்டர், எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. அதனால் துறை நிதியில் மிச்சம் இருந்ததைத் துடைத்து, இணையத்தில் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்திடம் நான்கு துண்டு வரவழைத்தோம். குவார்ட்ஸ் மேல் ஓர் அடுக்கு, குவார்ட்ஸ் மேல் இரண்டு அடுக்கு, 300 நானோமீட்டர் ஆக்ஸைடு உள்ள சிலிக்கான் மேல் ஓர் அடுக்கு, அப்புறம் அந்த சிப். ஒரு சதுர சென்டிமீட்டர் துண்டின் விலைக்கு வீட்டுக்கு நல்ல மிக்ஸி ஒன்று வாங்கிவிடலாம். குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

இந்த நேரத்தில் ஒரு விஷயம். நம் ஊர் பைபாஸ் ரோட்டில் கார் கழுவும் கடைகளில்கூட “கிராஃபீன் கோட்டிங்” என்று போர்டு பார்க்கலாம். அதற்கும் இதற்கும் பெயரைத் தவிர பெரிய உறவு கிடையாது. இது செம்புத் தகட்டின் மேல் மீத்தேன் வாயுவை 1000 டிகிரி வாக்கில் சிதைத்து வளர்க்கும் முழுத் தாள். 2009-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரூஃப் குழுவினர் இந்த வழியைக் காட்டிய பிறகுதான் சென்டிமீட்டர் கணக்கில் கிராஃபீன் கிடைக்க ஆரம்பித்தது. வளர்ந்த தாளின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சைப் பூசி, செம்பை அமிலக் கரைசலில் கரைத்துவிட்டு, மிதக்கும் தாளை வேண்டிய இடத்தில் படியவைத்து, பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கழுவி எடுப்பார்கள். நாம் கொடுக்கும் காசு முக்கால்வாசி இந்தக் கைவேலைக்குத்தான்.

பேக்கிங் பற்றிக் குறை சொல்ல முடியாது. உள்ளே ஜெல் தடவிய சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகள். துண்டு அந்த ஜெல்லில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. கூரியர்காரர் எப்படித் தூக்கிப் போட்டாரோ, எதுவும் உடையவில்லை. எந்தப் பக்கம் கிராஃபீன் என்று மூலையில் ஒரு சின்ன வெட்டு வைத்து அடையாளம் காட்டியிருக்கிறார்கள். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் லேப் அண்ணன் பெட்டியைத் திறந்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா, வெறும் கண்ணாடியை அனுப்பிட்டாங்களா? பில்லு மட்டும் சரியா இருக்கு” என்றார்.

கூடவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ராமன் நிறமாலைத் தாள் வந்தது, லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் வரைபடம். ஓர் அடுக்குதானா என்று தெரிந்துகொள்ள இதுதான் வழி. அலை எண் 1580 வாக்கில் ஒரு முகடு, 2700 வாக்கில் இன்னொன்று. இரண்டாவது முதலாவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றால் நல்ல ஒற்றை அடுக்கு. 1350-ல் முகடு தலை தூக்கினால் கிராஃபீனில் குறை இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு வந்த தாளில் எல்லாம் கனகச்சிதம். ஆனால் ஒற்றை அடுக்கு குவார்ட்ஸின் தாளையும் சிலிக்கானின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முகடுகளுக்கு நடுவே ஓடும் இரைச்சல் கோட்டின் நெளிவுகள்கூட ஒன்றுக்கொன்று அச்சு மாறாமல் இருந்தன. இரைச்சல் இரண்டு முறை ஒரே மாதிரி வராது. ஏதோ ஒரு துண்டில் ஒரு தடவை எடுத்ததை நகலெடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். கேட்டதற்கு “ஒரே பேட்ச்தான் மேடம்” என்று பதில் வந்தது. பேட்ச் ஒன்றாகவே இருக்கட்டும், அடியில் இருக்கும் பொருள் வேறல்லவா? “மாதிரி வரைபடம்” என்று தாளின் மேல் எழுதிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்துக்கொள்கிறேன்.

சரி, துண்டுக்கு வருவோம்.

கிராஃபீனைப் பற்றி எல்லாரும் சொல்லும் எண் 2.3 சதவீதம். மேல் விழும் வெள்ளை ஒளியில் அவ்வளவைத்தான் ஓர் அடுக்கு உறிஞ்சும். 2008-ல் மான்செஸ்டர் குழுவினர் தொங்கும் தாளின் வழியே ஒளியைச் செலுத்தி அளந்து சொன்னார்கள். இதில் அழகு என்னவென்றால், அந்த எண் பை என்ற மாறிலியை 137-ஆல் வகுத்தால் வருவது. அந்த 137, ஒளியும் மின்னூட்டமும் எவ்வளவு பலமாக ஊடாடும் என்று சொல்லும் நுண் அமைப்பு மாறிலியிலிருந்து வருகிறது. ஒளியின் நிறம் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும் எல்லையில் கிட்டத்தட்ட இதேதான். ஓர் அணு கனத்துக்கு 2.3 சதவீதம் என்பது பெரிய தொகை. ஆனால் ஒரு ஒளி உணரியோ ஒளி அடைப்பானோ செய்ய நினைப்பவருக்கு அது போதாது. கூட்டவும் குறைக்கவும் வழி வேண்டும். இந்தத் துண்டுகளை நான் வாங்கியதே, அந்த வழிகளில் எதையாவது ஒரு சாதாரணக் கல்லூரி மேஜையில் காட்ட முடியுமா என்று பார்க்கத்தான்.

முதல் சோதனை எளிது. குவார்ட்ஸ் துண்டின் ஓரத்தில் கிராஃபீன் படாத ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. கறுப்பு அட்டையில் ஊசித் துளை போட்டு, வெள்ளை எல்இடி, அதற்கு நேரே பின்திசை மின்னழுத்தம் கொடுத்த பிபிடபிள்யூ 34 ஃபோட்டோ டயோடு, ஒரு மின்தடை, அதன் குறுக்கே ஒரு மல்டிமீட்டர். டயோடு டவுன்ஹால் ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலேயே கிடைத்தது. வெறும் பட்டை வழியாக 412 மில்லிவோல்ட். துண்டைக் கொஞ்சம் நகர்த்திக் கிராஃபீன் பகுதிக்கு வந்தால் 404, 405 என்று நிற்கிறது. இரண்டு அடுக்குத் துண்டில் 397. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மீட்டரில் படி படியாக இறங்குவதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் மாறியது. லேப் அண்ணன்கூட ஒரு தடவை தானே நகர்த்திப் பார்த்துவிட்டு, “அப்ப இருக்குதான்” என்று ஒப்புக்கொண்டார்.

இதை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த அளவீட்டுக்கு லேசர் வேண்டாம். குவார்ட்ஸின் இரண்டு முகங்களிலும் 3.5 சதவீதம் போல ஒளி திரும்புகிறது. திரும்பியவை ஒன்றோடொன்று குறுக்கிட்டு, துண்டைச் சற்றுச் சாய்த்தாலே அளவு ஏழு சதவீதம் வரை மேலும் கீழும் ஆடும். நாம் தேடுவதோ இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. எல்இடி ஒளியில் இந்த ஆட்டம் இல்லை. விற்பவரின் செய்முறைக் குறிப்பில் “லேசர் பாய்ண்டர் போதும்” என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் செய்து பார்த்திருக்க மாட்டார்.

412-லிருந்து 404.5 என்றால் 1.8 சதவீதம்தானே, 2.3 எங்கே என்று ஒரு பெண் கேட்டாள். நான் எதிர்பார்த்த கேள்வி. அரை வகுப்பு விற்பவர் ஏமாற்றிவிட்டார் என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. ஏமாற்று எதுவும் இல்லை. 2.3 என்பது தாள் காற்றில் அந்தரத்தில் தொங்கும்போது வரும் எண். குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் 1.46. காற்றிலிருந்து வரும் ஒளி அதன் முகத்தில் மோதும்போது ஒரு பங்கு தலைகீழ்க் கட்டத்தில் திரும்புகிறது. வந்ததும் திரும்பியதும் சேர்ந்தால் அந்த முகத்தில் மின்புலம் காற்றில் இருந்ததைவிடக் குறைவு, 0.81 மடங்குதான். உறிஞ்சல் புலத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆக 0.66 மடங்கு. 2.3 இப்போது 1.5 ஆகிவிடும். கூடவே எதிரொளிப்பு கால் சதவீதம் போலக் கூடுகிறது. இரண்டும் சேர்ந்துதான் கடந்துபோகும் ஒளியில் 1.8 குறைவு. அதே துண்டைத் திருப்பிப் போட்டு ஒளியைக் குவார்ட்ஸ் வழியாக உள்ளிருந்து அனுப்பினால், திரும்பும் அலை இந்த முறை நேர்க் கட்டத்தில் சேர்கிறது. கிராஃபீனை வந்தடையும் ஒளியில் 2.2 சதவீதம் உறிஞ்சப்படும். மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியாது, கடந்துபோகும் ஒளி இரு பக்கமும் ஒன்றுதான். திரும்பும் ஒளியை அளந்தால்தான் பிடிபடும்.

துண்டு அதே துண்டு, தாள் அதே தாள். எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கமிருந்து ஒளி வருகிறது என்பதற்குத் தகுந்தாற்போல அது விழுங்கும் பங்கு மாறுகிறது. பாடப்புத்தகம் 2.3 என்று ஒரு கட்டம் போட்டு முடித்துவிடுவதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

சிலிக்கான் துண்டு ஊதா கலந்த நீலத்தில் பளபளவென்று இருக்கும். அந்த நிறம் அடியில் உள்ள ஆக்ஸைடுக்கு உரியது. மைக்ரோஸ்கோப்பில் பச்சை வடிகட்டி போட்டுப் பார்த்தால் கிராஃபீன் உள்ள இடம் ஒரு நிழல் போலக் கருத்துத் தெரிகிறது, விளிம்பு தெளிவு. ஆக்ஸைடு 300 அல்லது 90 நானோமீட்டராக இருக்க வேண்டும் என்பது 2007-லேயே கணக்குப் போட்டுச் சொல்லப்பட்டது. 200 நானோமீட்டரில் ஒட்டினால் மூன்று அடுக்குகூடக் கண்ணுக்குச் சிக்காது. நாங்கள் வாங்கிய துண்டில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. கழுவியும் போகாத பிளாஸ்டிக் மிச்சம் அது. ஒரு மூலையில் மடிப்பு ஒன்று, கோடு மாதிரி. இந்த விலைக்கு அது சகஜம்தான். இதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

இனி முப்பட்டகச் சோதனை. இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். விற்பவரின் குறிப்பில் இது இல்லவே இல்லை. இதைப் போட்டிருந்தால் அவர்களுக்கே வியாபாரம் கூடும்.

எல்லாக் கல்லூரியிலும் அலமாரியில் கிடக்கும் 45 டிகிரி செங்கோண முப்பட்டகம் ஒன்று போதும். அகலமான சாய்வு முகத்தை மேலே பார்த்தபடி வைத்துக்கொள்ளுங்கள். அதில் குண்டூசித் தலை அளவு கிளிசரின். மருந்துக் கடையில் கை வெடிப்புக்கு விற்பதே போதும், தல்லாகுளத்தில் நாங்கள் வாங்கியது அதுதான். அதன் ஒளிவிலகல் எண் 1.47, குவார்ட்ஸுக்கு 1.46. கிட்டத்தட்டச் சமம் என்பதால் ஒளிக்கு நடுவில் முகம் இருப்பதே தெரியாது, லேசரின் அந்த ஆட்டமும் அடங்கிவிடும். கிராஃபீன் மேலே காற்றைப் பார்த்திருக்கும்படி குவார்ட்ஸ் துண்டை அந்தச் சொட்டின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். சொட்டு கூடினால் ஓரம் வழியாக வழிந்து மேலே ஏறிவிடும், அப்புறம் அந்தத் துண்டைக் கழுவிக் காயவைத்துத்தான் திரும்ப எடுக்க முடியும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஆகவே சொட்டு போட்டவுடன் அளவெடுத்துவிடுவது நல்லது.

இப்போது லேசரைக் கொண்டு வரலாம். அதற்கு முன்னால் ஒரு போலராய்டு, ஒரே தளவிளைவு கொண்ட ஒளியை, அதாவது மின்புலம் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி. ஒரு சிறு முகத்தில் நேர் செங்குத்தாக உள்ளே போகும் சிவப்புக் கற்றை, சாய்வு முகத்தில் 45 டிகிரியில் மோதி, முழு அக எதிரொளிப்பாகி, மறு சிறு முகம் வழியே வெளியே வருகிறது. அங்கே டயோடு. ஒளி கிராஃபீனைக் கடந்து மேலே போகவே இல்லை. முகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். கடந்து போகாத ஒளியை மேலே உட்கார்ந்திருக்கும் தாள் என்ன செய்துவிடும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கினேன். பாதிப் பேர் “ஒன்றும் ஆகாது” என்று எழுதியிருந்தார்கள்.

வெறும் பட்டையில் 300 மில்லிவோல்ட் வரும்படி அமைத்துக்கொண்டோம். துண்டைச் சிமிட்டாவால் லேசாகத் தள்ளினால் கிளிசரின் மேல் வழுக்கிக்கொண்டு நகர்கிறது, முப்பட்டகத்தையோ லேசரையோ தொடவே வேண்டாம். கற்றை கிராஃபீன் பகுதிக்கு வந்ததும் மீட்டர் 278-க்கு இறங்கியது. ஏழு சதவீதத்துக்கு மேல்! நேரே ஊடுருவிப் போனபோது ஒன்றரை சதவீதம் விழுங்கிய அதே தாள். போலராய்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, வெறும் பட்டையில் மறுபடி 300-க்குக் கொண்டுவந்து, திரும்ப நகர்த்தினோம். இந்த முறை 295-லேயே நின்றுவிட்டது.

கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. மின்புலம் முகத்துக்கு இணையாக இருக்கும் தளவிளைவுக்கு 7.7 சதவீதம், மற்றதற்கு 1.7. முழு அக எதிரொளிப்பு தொடங்கும் மாறுநிலைக் கோணம் இந்தக் கண்ணாடிக்கு 41 டிகிரி வாக்கில். அந்தக் கோணத்துக்கே போனால் ஒன்று எட்டைத் தொடும், மற்றது சுழியாகிவிடும். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. முழு அக எதிரொளிப்பில் வரும் அலையும் திரும்பும் அலையும் முகத்தில் கூடுகின்றன, இணைத் தளவிளைவில் புலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கிராஃபீனின் எலெக்ட்ரான்கள் தாளின் தளத்துக்குள் மட்டும்தான் ஓட முடியும். தாளுக்கு இணையான புலம் அவற்றை அசைக்கும். மற்றத் தளவிளைவில் புலம் பெரும்பாலும் தாளுக்குச் செங்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. எலெக்ட்ரானுக்கு அந்தத் திசையில் போக இடமில்லை. எனவே உறிஞ்சலும் குறைவு. ஆக ஒரு போலராய்டைத் திருப்பி உறிஞ்சலை நாலு மடங்குக்கு மேல் கூட்டிக் குறைக்க முடிகிறது. உறிஞ்சலைக் கட்டுப்படுத்துவது என்று ஆய்வுக் கட்டுரைகளில் பெரிதாகப் பேசுவதன் ஒரு முகம், மேஜை மேல், மருந்துக்கடைக் கிளிசரினோடு.

செய்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. லேசர் பாய்ண்டர் ஒளி ஏற்கெனவே ஒரு திசையில் தளவிளைவு கொண்டது. பாய்ண்டரையே 45 டிகிரி சுழற்றி நிறுத்திவிட்டு அதற்கு முன்னால் போலராய்டை வைத்தால் இரண்டு திசைக்கும் போதுமான ஒளி கிடைக்கும். இரண்டாவது, சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் லேசரின் சக்தி நிமிடத்துக்கு நிமிடம் நகரும். ஒரு மைக்ரோஸ்கோப் ஸ்லைடைக் குறுக்கே சாய்த்து வைத்துக் கொஞ்சம் ஒளியைப் பிரித்து, இன்னொரு டயோடில் விட்டு, இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். எங்கள் ஊர் கரண்டுக்கு இது இல்லாமல் ஆகாது.

முப்பட்டகத்தைத் தாண்டியும் வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பாடமாகத்தான் சொல்ல முடிந்தது. ஒரு கண்ணாடி ஆடிக்கு முன்னால் கால் அலைநீளத் தூரத்தில் கிராஃபீனை வைத்தால், அங்கே நிலை அலையின் உச்சி விழுகிறது, உறிஞ்சல் 9 சதவீதத்தை நெருங்கும். ஆடியின் மேலேயே ஒட்டிவிட்டால் அது கணு, புலம் சுழியாகும் இடம், ஏறக்குறைய ஒன்றும் உறிஞ்சாது. இரண்டு ஆடிகளுக்கு நடுவே அடைத்து ஒளியைப் பல தடவை போய் வரச் செய்து, 2012-ல் வியன்னாவில் 60 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள், சாதாரணமாக வருவதைவிட 26 மடங்கு. 650 நானோமீட்டர் சிவப்புக்குக் கால் அலைநீளம் என்பது காற்றில் 162 நானோமீட்டர், பூச்சுக்குள் இன்னும் குறைவு. அதைக் கையால் வைக்க முடியாது, தகுந்த கனத்துக்குப் பூச்சு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆடி, பூச்சு, அதன் மேல் கிராஃபீன் என்று ஒரு துண்டை இந்த நிறுவனம் தயாரித்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன். அதை எழுதியும் அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக அந்த சிப். பட்டியலில் இதற்குத்தான் விலை அதிகம், இதற்குத்தான் விளம்பரமும் அதிகம். “வோல்டேஜைத் திருப்பினால் ஒளி உறிஞ்சல் மாறும்” என்று எழுதியிருக்கிறார்கள். இயற்பியல் உண்மைதான். கிராஃபீனில் எலெக்ட்ரான்களை ஏற்றி ஃபெர்மி மட்டத்தை, அதாவது எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றல் எல்லையை, உயர்த்தினால், அந்த மட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறைவான ஆற்றல் உள்ள ஃபோட்டான் உள்ளே எடுபடாது. எலெக்ட்ரான் போய் உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, பாலியின் விதி விடாது. தாள் அந்த நிறத்துக்குத் தெளிந்துவிடும். 2011-ல் பெர்க்லியில் இதை வைத்துத்தான் ஃபைபரில் போகும் அகச்சிவப்பு ஒளிக்கு ஒரு ஒளி அடைப்பான் செய்தார்கள்.

எந்த நிறத்துக்கு என்பதைப் பட்டியலில் எழுதாமல் விட்டதுதான் குறை. இந்த சிப்பில் வோல்டேஜ் கொடுப்பது 300 நானோமீட்டர் ஆக்ஸைடு வழியாக. 100 வோல்ட் கொடுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 லட்சம் கோடி எலெக்ட்ரான் ஏறும், ஃபெர்மி மட்டம் 0.3 எலெக்ட்ரான் வோல்ட். அதன் இரண்டு மடங்குக்கு உரிய அலைநீளம் 2 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு இந்த வித்தை வேண்டுமென்றால் 900 வோல்டுக்கு மேல் தேவை. ஆக்ஸைடு 300 வோல்ட் வாக்கிலேயே வெடித்துக்கொள்ளும். டிவி ரிமோட்டின் 940 நானோமீட்டர் அகச்சிவப்புக்குக்கூட 400-க்கு மேல் வேண்டும். அதுவும் நடக்காது. பெர்க்லிக்காரர்கள் வெறும் 7 நானோமீட்டர் அலுமினாவைப் பயன்படுத்தினார்கள், அதோடு ஒளியைத் தாளின் மேல் குத்தாமல் தாளை ஒட்டியே ஓடவிட்டார்கள்.

கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டுத்தான் சிப்பை இணைத்தோம். சிவப்பு லேசரில் 60 வோல்ட் வரை ஏற்றியும் மீட்டர் அசையவில்லை. நிறுவனத்துக்கு எழுதியதும் “அது இன்ஃப்ராரெட்டுக்கு மேடம், உங்களிடம் 2 மைக்ரான் லேசர் இருக்கிறதா?” என்று பதில் வந்தது. கல்லூரிகளுக்கென்று தனிப் பக்கம் வைத்து விற்பவருக்கு, எந்தக் கல்லூரியில் அது இருக்கும் என்று தெரியாதா? ஒரு வரி, “கண்ணுறு ஒளியில் மாற்றம் தெரியாது” என்று போட்டிருந்தால் அந்தக் காசுக்கு இன்னொரு குவார்ட்ஸ் துண்டு வாங்கியிருப்போம். திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்டோம், “உறை பிரித்தாயிற்று” என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆர்டரில் கொஞ்சம் தள்ளுபடி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தருகிறார்களா பார்ப்போம்.

வோல்டேஜில் கண்ணெதிரே நிறம் மாறுவதைக் காட்டத்தான் வேண்டும் என்றால் பல அடுக்கு கிராஃபீனும் அயனித் திரவமும் வேண்டும். துருக்கியில் பில்கென்ட் பல்கலைக்கழகத்தின் கொஜபாஷ் குழு 2014-ல் அப்படிச் செய்து காட்டியது. அயனிகள் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, சில வோல்டிலேயே கருத்த தாள் தெளிகிறது. எங்கள் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் இருவர் அதன் எளிய வடிவம் ஒன்றை முயலப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பல அடுக்குத் தாளும் இதே நிறுவனத்திடம் கிடைக்கிறது, விலையும் ஒற்றை அடுக்கைவிடக் குறைவு.

சேவை பற்றி: மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வருகிறது, பேசுபவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பில், ஜிஎஸ்டி எல்லாம் கல்லூரி ஆடிட்டர் கேட்கும்படி ஒழுங்காக இருந்தது. அட்வான்ஸாக முழுப் பணமும் கேட்கிறார்கள், அரசு உதவிக் கல்லூரிகளுக்கு இது தலைவலி. துறைத் தலைவர் மூலம் கடிதம் கொடுத்தபின் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கிராஃபீன் பக்கத்தைத் துடைக்கவே கூடாது, பஞ்சோ டிஷ்யூவோ பட்டால் உரிந்துவிடும். அசிட்டோனில் முக்கி, அப்புறம் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் முக்கிக் காயவிட்டால் போதும். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட வேண்டாம். கிளிசரின் தண்ணீரில் கரையும் என்பதால் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்வது சுலபம்.

வாங்குவதாக இருந்தால் குவார்ட்ஸ் ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஆர்டரிலேயே ஓர் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கிராஃபீன் இல்லாமல் விடும்படி எழுதுங்கள். முப்பட்டகத்தில் 45 டிகிரியில் லேசர் புள்ளி நீண்டு விழும், எங்கள் துண்டின் குறுகிய பட்டையில் அதை அடக்கத்தான் ஊசித் துளை தேவைப்பட்டது. கேட்டுப் பார்த்தேன், செய்து தருகிறார்களாம், கூடுதல் காசு இல்லை.